பட்டாளத்து பயோடேட்டா: மூலமும் உரையும்

தமிழில் ஆராய்வதற்கு இனிப் பொருளே இல்லை என்று முனைவர் பட்ட மாணவர்கள் புலம்புவதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் காட்பாடிப் பக்கம் வந்ததில்லை போலும். வந்திருந்தால், என் ஜெராக்ஸ் கடையில் இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு எதிரே, முதுகு நாற்காலியில் படாமல், இரண்டு கையையும் தொடைமேல் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்திருப்பார்கள். வயது நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். முடி ஒட்ட வெட்டியிருக்கும். ஷூவில் முகம் தெரியும். திரையில் வெற்றுப் பக்கம். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்ததுபோல் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அரைமணி கழித்து, 'தம்பி, நீயே எழுதிடு. நமக்கு இது வரல' என்பார்கள். மலை ஏறியவர்கள், பனியில் கிடந்தவர்கள். வராதது ஒரு பக்கம் பயோடேட்டா.

இதைவிடச் சிறந்த ஆய்வுப்பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. நான் எம்.ஏ. தமிழ் முடித்து ஜெராக்ஸ் கடை வைத்தவன் என்பதால் தகுதி பற்றிய கேள்வி எழாது.

முதலில் ஆய்வுக் களம். வேலூர் மாவட்டம் பட்டாளத்துக்குப் பேர்போனது. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் பதினெட்டு வயதில் டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறுவார்கள். 2022-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு 15 வருடம் முடித்தால் பென்ஷன் உண்டு. பதவி ஏற ஏற வருடமும் ஏறும். திரும்பி வரும்போது மகன் பத்தாவது படிப்பான், மகள் டிப்ளமோ படிப்பாள், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். ஆகவே இரண்டாவது வேலை. ஆகவே பயோடேட்டா. ஆகவே என் கடை.

அடுத்து, சொல்லாராய்ச்சி. 'பயோடேட்டா' என்று கேட்பவர் சிப்பாயிலிருந்து ஹவில்தார் வரை. 'ரெஸ்யூம்' என்பவர் சுபேதார் வகையறா. 'சி.வி.' என்று சொல்பவர் ஆபீசராக இருக்க வேண்டும். அவர்கள் என் கடைக்கு வருவதில்லை என்பதால் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள்.

ஆய்வின் தோற்றுவாய் என் சித்தி. சித்தப்பா 1996-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 28 வருடம் கழித்து 2024-இல் நாயிப் சுபேதாராக ஊர் வந்தார். வயது 46. வந்த மூன்றாம் மாதம் சித்தி கடைக்கு வந்தாள். 'டேய், உங்க சித்தப்பாவுக்கு எங்கயாச்சும் ஒரு வேலை பாருடா. வீட்ல செருப்பெல்லாம் வரிசையில நிக்குது. பால்காரன் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா காரணம் கேட்டுக்கினு இருக்காரு' என்றாள். வேலை தேடுவதற்கு இதைவிட வலுவான நோக்கவுரையை நான் இதுவரை எந்த ரெஸ்யூமிலும் படித்ததில்லை.

இனி வரலாறு. படைவீரனைப் பற்றிய எழுத்து தமிழகத்தில் நடுகல்லில் தொடங்குகிறது. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்கப் போனான், எப்படிப் பட்டான். நாலைந்து வரியில் முடிந்தது. தேதி, நிறுவனம், பதவி, சாதனை எல்லாம் உண்டு. ஒரு சொல் மிகையில்லை. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறை வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிப் போய்ப் பார்ப்பது காட்சி. நாங்கள் இணையத்தில் டெம்பிளேட் தேடியதும் அதுவே. மற்ற ஐந்தையும் வாசகர் பொருத்திக்கொள்க.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, இந்த ஆய்வு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. தனக்குத் தானே நடுகல் வெட்டிக்கொண்ட வீரன் ஒருவனும் இல்லை. செத்தவனுக்கு ஊர் வெட்டியது. இன்றும் அப்படித்தான். பட்டாளத்தில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதை வருடாவருடம் மேலதிகாரி ரகசிய அறிக்கையில் எழுதுவார். வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் புக்கில் நடத்தை 'எக்ஸம்ப்ளரி' என்று அலுவலகம் எழுதும். 28 வருடம் பிறர் எழுதிய மனிதர் சித்தப்பா. அவரைப் பிடித்து உட்காரவைத்து, 'உங்களைப் பத்தி நீங்களே நல்லவிதமா நாலு வார்த்தை சொல்லுங்க' என்றால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதற்குப் பிரதி ஆதாரம் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது ஏட்டுச்சுவடிகளைத் தேடித்தேடி ஒப்பிட்டார். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. நான்கு பிரதிகளும் கடை மேசை டிராயரிலேயே உள்ளன. அ பிரதி சித்தப்பா கைப்பட எழுதியது. ஆ பிரதி நான் டைப் செய்தது. இ பிரதி சித்தப்பாவின் மகன், ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பி, சென்னையிலிருந்து அனுப்பியது. ஈ பிரதி கம்பெனிக்குப் போனது.

அ பிரதி கோடு போட்ட தாளில், நீல மையில், முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதப்பட்டது. பத்திகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என எண் உண்டு. முதல் பத்தியில் ராணுவ எண், பதவி, பெயர். இரண்டில் பிறந்த தேதி. மூன்றில் 'சேவை: 28 வருடம்'. நான்கில் 'நடத்தை: எக்ஸம்ப்ளரி'. ஐந்தாவது பத்தி 'வேலை தேவை'. ஆறாவது, 'தங்கள் தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும்'. கீழே கையொப்பம், வலது ஓரத்தில், ஸ்கேல் வைத்ததுபோல்.

இப்பாடத்தை ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு, போர்க்கைதியாகப் பிடிபட்டவன் கேட்டால் சொல்லவேண்டியது பெயர், பதவி, பிறந்த தேதி, ராணுவ எண் மட்டுமே என்கிறது. அதற்கு மேல் அவனிடம் தகவல் பிடுங்க வற்புறுத்தக் கூடாது. சித்தப்பா எச்.ஆர். துறைக்கும் அதே வரையறைக்குள் நின்று பதில் சொல்லியிருக்கிறார். சேவைக் காலத்தையும் நடத்தையையும் சொன்னது அவருடைய பெருந்தன்மை என்க.

எண் முதலில், பதவி அடுத்து, பெயர் கடைசியில் என்ற வரிசையையும் கவனிக்க வேண்டும். நாம் பெயரில் தொடங்குவோம். அவருடைய டிரங்குப் பெட்டியும் இதே வரிசையில்தான் பேசுகிறது. கறுப்புத் தகரம், மேல்மூடியில் வெள்ளை பெயிண்ட். கிட்டப் போய், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் பெயிண்ட் தெரிகிறது. 'நாயிப் சுபேதார்' என்பதற்குக் கீழே கறுப்பு பூசி மறைத்த 'ஹவில்தார்'. அதற்கும் அடியில் 'நாயக்'. இன்னும் அடியில், முதல் எழுத்து மட்டும் தப்பிய 'சிப்பாய்'. நாயிப் சுபேதார் ஆனால் எண்ணும் மாறி, 'ஜே.சி.' என்று தொடங்கும் புது எண் வரும் என்பதால் எண்ணின் மேலும் ஒரு பூச்சு. 28 வருடத்தில் மாறாமல் நின்றது பெயர் ஒன்றுதான். அதுதான் வரிசையில் கடைசி. கல்வெட்டுத் துறையினர் இம்மூடியை மைப்படி எடுத்துப் பாதுகாத்தல் நலம்.

சரி, அ பிரதி போதாது. கேட்டு வாங்கி எழுதலாம் என்று நோட்டோடு உட்கார்ந்தேன்.

'சித்தப்பா, நீங்க என்னென்ன செஞ்சீங்க?'

'கம்பெனி என்ன செஞ்சுதோ அதான்.'

'கம்பெனியில நீங்க என்ன செஞ்சீங்க?'

'கம்பெனியில இருந்தேன்.'

தமிழில் தன்மை ஒருமை, தன்மைப் பன்மை என இரண்டு உண்டு. சித்தப்பாவுக்கு முன்னது இல்லை. 'நாங்க போனோம்', 'நாங்க போட்டோம்', 'நம்ம பசங்க பிடிச்சாங்க'. இரண்டு மணி நேரத்தில் 'நான்' என்ற சொல் ஒரே ஒருமுறை வந்தது. 'நான் அப்ப லீவுல இருந்தேன்.'

ரெஸ்யூம் எனப்படுவதோ முழுக்க முழுக்கத் தன்மை ஒருமை இலக்கியம். சித்தப்பாவின் கூச்சத்தைப் போக்க நன்னூலைக் கையில் எடுத்தேன். பவணந்தி முனிவர் பாயிரத்தில், ஒருவன் எத்தனை துறை கற்றுக் கரைகண்டாலும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலில் சொல்லிவிடுகிறார். அடுத்த சூத்திரத்தில் நான்கு இடங்களில் விலக்குத் தருகிறார். அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்நான்கிலும் தற்புகழ்ச்சி குற்றமில்லை. ஓலை என்பது விண்ணப்பம். ஆற்றல் அறியாதவர் எச்.ஆர்.; அவை என்பது இன்டர்வியூ; நான்காவது, சம்பளம் பேசும் நேரம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ரெஸ்யூமுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது தமிழ் என்று முழங்கினேன்.

சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். 'அது யாருக்குச் சொன்னது?' என்றார்.

'புலவனுக்கு.'

'சிப்பாய்க்குன்னு எங்கனா போட்டிருக்கா?'

இல்லை. சூத்திரம் 'புலவோற்கே' என்று ஏகாரம் போட்டு முடிகிறது. பவணந்தியார் அங்கே ஓர் உம்மை போட்டிருந்தால் என் ஒரு வார வேலை மிச்சமாகியிருக்கும்.

ஆ பிரதியின் கதை சுருக்கமானது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் அ பிரதியில் இருந்தது குன்றக் கூறல் ஒன்றே. நான் கை வைத்தபின் கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் எல்லாம் சேர்ந்தன. கடைசி வரி 'இருசக்கர வாகனம் ஓட்டத் தெரியும்' என்று முடிந்தது. இதற்கு மேல் ஆ பிரதியைப் பற்றிப் பேச வேண்டாம்.

இ பிரதிக்கு வருவோம். முதலாம் ராஜராஜன் காலத்தில் மெய்க்கீர்த்தி பொறிக்கும் வழக்கம் வந்தது. ஆண்டு ஏற ஏற, நாடுகள் விழ விழ, மெய்க்கீர்த்தியும் நீண்டது. தம்பி அந்த மரபில் வந்தவன். சித்தப்பா அதில் 'உயர்மலைச் சூழலில் செயல்திறன் மிக்க தலைவர்' ஆகியிருந்தார். 'பன்மொழிப் பங்குதாரர் ஒருங்கிணைப்பு' என்று ஒரு வரி. என்ன என்று விசாரித்தால், எல்லையோர கிராமத்துப் பெரியவரிடம் தண்ணீர்க் குழாய் விஷயமாக இந்தியில் பேசியது. படைப்பிரிவு இடம் மாறும்போது முன்கூட்டியே போய்க் கூடாரம், தண்ணீர், சமையல் ஏற்பாடு செய்யும் 'அட்வான்ஸ் பார்ட்டி'யில் சித்தப்பா பலமுறை போயிருக்கிறார். அது 'ஈவென்ட் மேனேஜ்மென்ட்' ஆகியிருந்தது. படித்துவிட்டு சித்தப்பா என்னைப் பார்த்தார். 'இந்த ஆளு யாருன்னு தெரியலடா. ஆனா இவன் என் ப்ளட்டூன்ல இருந்தா நான் ஒரு கண்ணு வெச்சிருப்பேன்' என்றார்.

பாடபேதங்களில் அதிக சர்ச்சைக்கு உள்ளானது 'கோத்' என்ற ஒரு சொல். கோத் என்றால் ஆயுதக் கிடங்கு. ஹவில்தாராக இருந்தபோது சித்தப்பா மூன்று வருடம் அதற்குப் பொறுப்பு. தம்பி அதை 'இன்வென்டரி மேனேஜ்மென்ட்' என்று போட்டிருந்தான். சித்தப்பா அந்த வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்தார்.

'இன்வென்டரின்னா குறையலாமா?'

'கொஞ்சம் குறையும் சித்தப்பா. ரெண்டு பர்சன்ட், மூணு பர்சன்ட் எழுதிக் கழிச்சுடுவாங்க.'

'அப்ப இது அது இல்ல.'

பிறகுதான் சொன்னார். சுடும் பயிற்சி முடிந்தால் சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளை உறையையும் எண்ணித் திருப்ப வேண்டும். ஒருநாள் சாயங்காலம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. கம்பெனி முழுவதும், நூறு பேருக்கு மேல், புல்தரையில் வரிசையாக முட்டி போட்டு, கை அகலத்துக்குக் கை அகலம் தடவிக்கொண்டே நகர்ந்தார்கள். இருட்டியது. டார்ச் வந்தது. சமையல்காரரும் வந்து முட்டி போட்டார். ராத்திரி ஒன்பதுக்கு, ஒரு பையனுடைய பூட்ஸுக்கு அடியில், சேற்றோடு அப்பியிருந்தது அகப்பட்டது. யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. எண்ணிக்கை சரியாயிற்று, சாப்பிடப் போனார்கள். அந்தப் பையன் மட்டும் சாப்பிடவில்லையாம். 'இதை எப்படிடா அந்த ரெண்டு வார்த்தையில போடுவ?' என்றார். போட முடியவில்லை. ஈ பிரதியில் 'கோத் பொறுப்பு, 3 வருடம்' என்றே அச்சாயிற்று. புரிகிறவனுக்குப் புரியட்டும் என்பது பதிப்பாசிரியர் துணிபு.

வேலைவாய்ப்பு இணையதளங்களின் படிவங்கள் தனி இலக்கிய வகை. அவற்றில் சித்தப்பா இட்ட விடைகளைத் திருத்தாமல் பாதுகாத்து வைத்திருக்கிறேன். நோட்டீஸ் பீரியட் என்ற கட்டத்தில் அவர் இட்டது '6 மணி நேரம்'. கிளம்பு என்று உத்தரவு வந்தால் எத்தனை மணிக்குள் பட்டாலியன் நகரவேண்டும் என்பதே பட்டாளத்தில் நோட்டீஸ். எதிர்பார்க்கும் சம்பளம்: 'விதிகளின்படி'. உங்கள் பலவீனம் என்ன என்பதற்கு, 'இல்லை. ஷேப்-1'. ஷேப் என்பது ராணுவ மருத்துவத் தரம். மனம், காது, கைகால், உடம்பு, கண் ஐந்தும் பழுதில்லாதவருக்கு ஒன்று. டாக்டர்களே எழுதிக் கொடுத்த பிறகு பலவீனத்தை எங்கே போய்த் தேடுவது? ரிமோட்டாக வேலை செய்த அனுபவம் உண்டா என்பதற்கு, 'உண்டு. சியாச்சின், 18,000 அடி. சாமான் ஹெலிகாப்டரில் வரும்'.

முந்தைய பணியிட முகவரி கேட்டார்கள். 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று போட்டார். எந்த ஊர் என்று படிவம் விடாமல் கேட்டது. ஊர் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முகவரியே இருக்கிறது. வடக்கே 56, கிழக்கே 99. இடையில் உள்ள மலை, ஆறு, பாலைவனம் எல்லாம் அதற்குள் அடக்கம். சித்தி எழுதிய கடிதமெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போயின. சேர்ந்தன. படிவம் மட்டும் 'சரியான ஊரை உள்ளிடவும்' என்று சிவப்பில் எழுதிக்கொண்டே இருந்தது.

கல்வித் தகுதியிலும் இதே கதை. பத்தாவது தேறி 15 வருடம் சேவை முடித்த படைவீரர், பட்டம் கேட்கும் மத்திய அரசு 'சி' பிரிவுப் பணிகளுக்குத் தகுதியுள்ளவராகக் கருதப்படுகிறார். அந்தப் பணிகளில் நூற்றுக்குப் பத்து இடம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடும் உண்டு. அரசு அளவில் சித்தப்பா பட்டதாரி. தனியார் கம்பெனிப் படிவத்தின் பட்டியலில் பி.ஏ. இருக்கிறது, பி.டெக். இருக்கிறது, அதற்குக் கீழே 'மற்றவை' இருக்கிறது. மற்றவையில் ஏறினார்.

ஒருநாள் சென்னையிலிருந்து எச்.ஆர். பெண் ஒருத்தி போனில் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டோம். 'சார், முதல்ல ஆல்ஃபா கம்பெனியில இருந்திருக்கீங்க. அது எந்த இண்டஸ்ட்ரி சார்?' சித்தப்பா யோசித்து, 'இன்ஃபன்ட்ரி' என்றார். 'ஓகே சார். அப்புறம் ஏன் சார்லி கம்பெனிக்கு மாறினீங்க? பெட்டர் பேக்கேஜா?' அந்தப் பெண்மேல் குற்றமில்லை. ஒரே சொல் இரண்டு உலகத்தில் வேலை பார்ப்பதன் விளைவு இது. 'சுபேதார் மேஜர் சாப் சொன்னாரு, போனேன்' என்றார் சித்தப்பா. அழைப்பு அத்துடன் முடிந்தது.

இதற்கிடையே செக்யூரிட்டி ஏஜென்சிகள் மூன்று கூப்பிட்டன. எந்தப் பிரதியை அனுப்பினாலும் கூப்பிட்டன. ஒன்றுக்குத் தவறுதலாக மின்கட்டண ரசீதை இணைத்து அனுப்பிவிட்டேன், அவர்களும் கூப்பிட்டார்கள். 'எக்ஸ் சர்வீஸ்மேன்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவர்கள் படிப்பதில்லை; கேட்டைத் தாண்டி அந்த மனிதருக்கு என்ன தெரியும் என்று கேட்பதும் இல்லை. 30 பேரின் பெயர், ஊர், வீட்டு நிலவரம், யாருக்குப் போன் வந்தால் முகம் வாடும் என்பதுவரை தெரிந்து நடத்தியவரை ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பது குறித்து இவ்வாய்வாளருக்குக் கருத்து உண்டு. ஆய்வுக் கட்டுரையில் கெட்ட வார்த்தை வரக்கூடாது என்பதால் தவிர்க்கிறேன்.

கடைசியில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர் வேலை அமைந்தது. ஒன்பது மணி இன்டர்வியூவுக்கு சித்தப்பா எட்டரைக்கே போய்விட்டார். ஈ பிரதியை மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, 'கோத்னா என்ன சார்?' என்று கேட்டாராம். இவர் சொன்னாராம். என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை.

சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம் மேனேஜர் என் கடைக்குப் போன் செய்தார். ரெஸ்யூமில் மாற்று எண்ணாக என் எண்ணைப் போட்டிருந்தேன். 'சார், ஷிஃப்ட் முடிஞ்சுடுச்சு. உங்க சித்தப்பா ஸ்டோரைப் பூட்ட மாட்டேங்கறாரு. ஒரு கத்தரிக்கோல் குறையுதாம். கட்டிங் செக்‌ஷன் மொத்தமும் தரையில உக்காந்து தேடிக்கிட்டு இருக்காங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.'

'நீங்களும் தேடுங்க சார்' என்றேன். 6.40-க்குக் கிடைத்தது.

பயோடேட்டா அடிக்க வரும் பட்டாளத்தாருக்கு ஒரு தகவல். கடை காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை. டிஸ்சார்ஜ் புக் கொண்டுவரவும். ஒரு பக்கம் ஜெராக்ஸ் 2 ரூபாய். உங்களுக்கு இலவசம் என்று போர்டு எழுதி வைத்துப் பார்த்தேன். எல்லோரும் சில்லறையை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனதால் போர்டைக் கழற்றிவிட்டேன்.